பழைய நாணயம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளில் புதிய மெட்டல் டிடெக்டருடன் நடப்பவர்களைக் காணும்போதெல்லாம் பழைய தவறுகளே திரும்ப நடப்பதைப் பார்க்கிறேன். சார்ஜ் போட மறப்பது, குழியை மூடாமல் போவது போன்றவற்றை எவரும் விரைவில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈர மணலில் முழு சென்சிட்டிவிட்டி

உப்புநீரில் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவி அந்த மணலையே உலோகமாக எண்ணி ஓயாமல் ஒலிக்கும். மேக்னடைட் என்ற இரும்புத் தாது கலந்த கருமணல் உள்ள இடத்தில் குழப்பம் இன்னும் கூடும். சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவி உணரும் கூர்மையைக் குறைத்து, மண்ணுக்கே ஒலிக்காதபடி கருவியைச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் செய்து, முதலில் அலை எட்டாத உலர்ந்த மணலில் பழகுங்கள்.

டிஸ்கிரிமினேஷனைக் கூட்டுவது

வேண்டாத உலோகத்துக்கு ஒலிக்காமல் கருவியை அடக்கும் அமைப்புதான் டிஸ்கிரிமினேஷன். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை ஒதுக்கும் அளவுக்குக் கூட்டினால், கும்பினியாரின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் 1803ஆம் ஆண்டு ஒரு காசு போன்ற, ஒரு கிராம்கூட எடையில்லாத நாணயமும் ஒதுங்கிவிடும்.

புளி போட்டுத் தேய்ப்பது

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். ராயபுரத்தில் இடித்த பழைய வீட்டின் மண்ணில், உரிமையாளர் அனுமதியுடன் தேடிய தம்பி ஒருவருக்கு 1808ஆம் ஆண்டின் இருபது காசு கிடைத்தது. அவர் அனுப்பிய படத்தில் ஒரு பக்கம் கும்பினியின் சின்னமும் மறுபக்கம் பாரசீக எழுத்தும் கரும்பச்சைப் படலத்தின்மேல் தெளிவாக இருந்தன. மறுநாள், "அண்ணா, எப்படி பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க" என்று அவர் நீட்டிய செம்புத் தகட்டில் அந்த எழுத்து பாதிக்குமேல் இல்லை. இங்கிலாந்தின் சோஹோ நாணய ஆலையில் அச்சாகி, கப்பலேறிச் சென்னைக்கு வந்து, இருநூறு ஆண்டுகள் மண்ணில் தாங்கிய எழுத்து ஓர் எலுமிச்சை அளவு புளியில் போய்விட்டது.

குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் நாணயத்தைத் துலக்கக் கூடாது. மண்ணில் கிடந்த செம்பின் மேற்பரப்பு மெல்ல மெல்லப் படலமாக மாறுகிறது. எழுத்தின் விளிம்புகள் பல நேரங்களில் அந்தப் படலத்தில்தான் எஞ்சியிருக்கும். புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும்போது விளிம்பும் சேர்ந்து கரைகிறது. தேங்காய் நார் மிச்சத்தைச் சுரண்டுகிறது. எலுமிச்சை, பித்தளை பாலிஷ், வினிகர் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். போன படலத்தை எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. சேகரிப்பாளர் தரும் விலையும் அதனுடனே போய்விடும்.

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, இளகிய மண்ணை மட்டும் மூங்கில் குச்சியால் மெதுவாக நீக்குங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டால் பரவும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் தனியாக வைப்பது அவசியம்.

பி.வி.சி. ஆல்பம்

வேண்டாம், அந்த உறையே நாணயத்தை அரிக்கும்.

கோட்டை, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள்

கருவியை எடுத்துச் செல்லவே கூடாது.

கிடைத்ததை மறைப்பது

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.