சின்ஸா, ஃபாரா? தமிழைக் கேட்டாலே தெரியும்

"ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்." இப்படி ஒரு லீவ் லெட்டராவது எழுதாதவர் நம்மில் குறைவு. படிக்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடும், லீவும் கிடைத்துவிடும். அதனாலேயே இந்தத் தப்பு ரிட்டயர்மென்ட் வரை கூடவே வருகிறது.

இந்த வரியில் சறுக்கல் இரண்டு. முதலாவது, சின்ஸ். இதைச் சரிசெய்ய இலக்கணப் புத்தகத்தைத் தேட வேண்டாம். 'இரண்டு நாளாகக் காய்ச்சல்' என்கிறோம். 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்' என்கிறோம். 'இரண்டு நாளிலிருந்து காய்ச்சல்' என்று யாராவது சொல்கிறோமா? காதே ஒத்துக்கொள்ளாது. 'ஆக' வரும் இடத்தில் ஃபார், 'இலிருந்து' வரும் இடத்தில் சின்ஸ். ஃபார் டூ டேஸ், சின்ஸ் மண்டே. அவ்வளவுதான்.

ஆபீஸ் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் 'சின்ஸ் லாஸ்ட் டூ இயர்ஸ்' தப்பு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். 'கடந்த இரண்டு வருடமாக' என்பதுதானே சொல்ல வருவது? அப்படியானால் ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ். ஆனால் 'சின்ஸ் லாஸ்ட் இயர்' சரி. அது 'போன வருடத்திலிருந்து'. 'சின்ஸ் லாங் டைம்' என்பார்கள், 'ரொம்ப நாளாக' என்ற பொருளில். அதுவும் ஃபார் எ லாங் டைம்தான்.

தமிழ் நம்மைக் கவிழ்க்கிற இடமும் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்தேன், காலையிலிருந்து கூப்பிடுகிறேன் என இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இலிருந்து'. அதனால்தான் 'ஐ ஆம் காலிங் யூ ஃப்ரம் மார்னிங்' என்று வாயில் வருகிறது. அப்போது தொடங்கி இன்னும் தொடர்கிறது என்றால் சின்ஸ் திஸ் மார்னிங். ஃப்ரம்மை 'ஃப்ரம் நைன் டு ஃபைவ்' மாதிரி இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

(சின்ஸுக்கு 'என்பதால்' என்ற பொருளும் உண்டு. அதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை.)

இரண்டாவது சறுக்கல் வினைச்சொல்லில். 'மூன்று வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொன்னால் தமிழில் குறையே இல்லை. ஆங்கிலத்தில் ஆம் வொர்க்கிங் போதாது. ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ் என்று வர வேண்டும். காய்ச்சலுக்கும் அப்படியே: ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ். சஃபரிங் எல்லாம் எதற்கு, சாதாரணக் காய்ச்சலுக்கு?

ஃபாரைச் சரியாகப் போட்டுவிட்டு வினைச்சொல்லில் கோட்டை விட்டால் அர்த்தமே மாறிவிடும். இப்போதும் அதே கம்பெனியில் இருக்கிற ஒருவர் இன்டர்வியூவில் 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்கிறார் என்று வையுங்கள். எதிரே இருப்பவர் அடுத்து கேட்கப்போவது, "அந்த வேலையை ஏன் விட்டீர்கள்?"