இங்கிலாந்தில் சிக்ஸ்த் ஃபார்ம்: போட்டி மிகுந்த தனியார் பள்ளிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

இங்கிலாந்தில் 16 வயதில் பள்ளி மாறுவது சகஜம். இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வு முடிந்தபின், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிக்கும் இயர் 12, இயர் 13 ஆகிய இரண்டு ஆண்டுகள்தான் சிக்ஸ்த் ஃபார்ம். அதுவரை ஆண்கள் மட்டுமே படிக்கும் சில பள்ளிகள்கூட இந்தக் கட்டத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்கின்றன. விம்பிள்டனில் உள்ள கிங்ஸ் காலேஜ் ஸ்கூல் அப்படித்தான்.

கிராமர் ஸ்கூலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது. நாம் பேசுவது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளைப் பற்றி.

1. பாடம் முதலில், பள்ளி அப்புறம்

பலர் பெயர்பெற்ற பள்ளிகளின் பட்டியலில் இருந்து தொடங்குகிறார்கள். பிள்ளை எந்த மூன்று அல்லது நான்கு பாடங்களை விரும்பிப் படிக்கும் என்பதில் இருந்து தொடங்குங்கள். நுழைவுத் தேர்வு, நேர்காணல், சேர்க்கை நிபந்தனை எல்லாமே அந்தப் பாடங்களைச் சுற்றித்தான் வரும். மருத்துவம் என்றால் வேதியியல், அதோடு பெரும்பாலும் உயிரியல். பொறியியல் என்றால் கணிதமும் இயற்பியலும். பிறகு அந்தப் பாடங்களைச் சேர்த்து எடுக்கப் பள்ளி அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

2. இயர் 10 கோடையிலேயே தேதிகளைக் குறித்துவையுங்கள்

ஓப்பன் டே எனப்படும் பார்வை நாட்கள் பெரும்பாலும் கோடையிலும் செப்டம்பரிலும் நடக்கும். பதிவு இயர் 11 தொடக்கத்திலேயே, பல பள்ளிகளில் செப்டம்பர், அக்டோபருக்குள் முடிந்துவிடும். ஜிசிஎஸ்இ முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் ஏறக்குறைய ஒரு வருடம் தாமதம். பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதால் மூன்று பள்ளிகளுக்கு மேல் போட நான் சொல்ல மாட்டேன்.

இப்போது படிக்கும் பள்ளியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கிருந்துதான் பரிந்துரைக் கடிதமும் எதிர்பார்க்கும் மதிப்பெண்களும் போக வேண்டும்.

3. பணம் பற்றி உடனே கேளுங்கள்

கட்டணத்தைப் பார்த்ததும் பல குடும்பங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. 2025 ஜனவரி முதல் 20 சதவீத வாட் வரியும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பர்சரி என்ற உதவி இருக்கிறது. அது குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. சில பள்ளிகளில் முழுக் கட்டணமும் தள்ளுபடியாகும். ஸ்காலர்ஷிப் வேறு. அது திறமைக்குக் கொடுப்பது, பல இடங்களில் தொகை சிறியதுதான். ஆகவே பணம் தேவைப்படுகிறவர்கள் கேட்க வேண்டியது பர்சரியை.

1552இல் தொடங்கிய கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளி வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்துக்குப் பெயர்போனது. ஈட்டன் பள்ளி, அரசுப் பள்ளி மாணவர்களுக்காக ஆர்வெல் அவார்டு என்ற பெயரில் சிக்ஸ்த் ஃபார்ம் இடங்களைத் தருகிறது (ஆண்கள் மட்டும்). பர்சரிக்குச் சம்பளச் சான்று, பி60 (ஆண்டுச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் படிவம்), வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். சிலர் வீட்டுக்கும் வந்து பார்ப்பார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அது நடைமுறை. பதிவு செய்யும்போதே இதற்கும் விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்தபின் கேட்டால் நிதி தீர்ந்திருக்கலாம்.

4. தேர்வு

எல்லாப் பள்ளிக்கும் பொதுவான வினாத்தாள் கிடையாது. வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற பள்ளிகளில் மாணவர் படிக்க விரும்பும் பாடங்களிலேயே தேர்வு வைப்பார்கள். மாதிரித் தாள்கள் பல பள்ளிகளின் தளத்திலேயே இருக்கும். ஜிசிஎஸ்இ பாடத்திட்டம் அப்போது முழுதாக முடிந்திருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். மனப்பாடத்தைவிட, புதிய கணக்கை எப்படி அணுகுகிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

5. நேர்காணல்

என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். கணித ஆசிரியர் இப்படி ஒன்றைக் கேட்கலாம்: 1 முதல் 100 வரையுள்ள எண்களை எல்லாம் பெருக்கினால் விடையின் கடைசியில் எத்தனை பூஜ்யங்கள் வரும்? பிள்ளை சத்தமாக யோசிக்க வேண்டும். "பூஜ்யம் வர 2ம் 5ம் வேண்டும். 2 நிறைய இருக்கிறது, 5தான் குறைவு. 5இன் மடங்குகள் மொத்தம் இருபது. 25, 50, 75, 100இல் இன்னொரு 5 ஒளிந்திருக்கிறது. ஆக 24." நடுவில் தவறினாலும் பரவாயில்லை. ஆசிரியர் ஒரு குறிப்பு கொடுத்ததும் அதைப் பிடித்து நகர்கிறாரா என்பதே கேள்வி. ஆங்கிலம் என்றால் முன்பின் பார்த்திராத கவிதை ஒன்றைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்லலாம்.

ஒப்பிக்கும் பதில்கள் உடனே தெரிந்துவிடும். "ஏன் இந்தப் பள்ளி?" என்பதற்கு வேண்டுமானால் தயாராகப் போகலாம். மற்றபடி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம் "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று தினமும் கேட்டுப் பேசவையுங்கள். கோச்சிங்கைவிட அது நல்லது.

6. இடம் கிடைத்தால்

கிடைப்பது நிபந்தனையோடு கூடிய இடம். ஏ லெவலில் எடுக்கும் பாடங்களில் ஜிசிஎஸ்இயில் 8 அல்லது 9 (9தான் உச்ச மதிப்பெண்) வாங்க வேண்டும் என்பது போல இருக்கும். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். ஏற்றுக்கொண்டபின் காலம் கடந்து விலகினால் முன்பணம் போவதோடு, ஒரு பருவக் கட்டணத்தையும் கேட்கலாம்.

அரசு சிக்ஸ்த் ஃபார்ம் ஒன்றுக்கும் கட்டாயம் விண்ணப்பித்துவையுங்கள், அதற்குச் செலவில்லை. ஆகஸ்ட் மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை ஜிசிஎஸ்இ முடிவு வரும். ஒரு பாடத்தில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்திருந்தால் அன்று காலையிலேயே சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.