சூடான அரசியல் விஷயத்த பேச விடுறது எப்படி, எங்க நிறுத்துறது

மரண தண்டனை வேணுமா வேணாமா, அகதிகளுக்கு இடம் குடுக்கலாமா, கருக்கலைப்பு யாரோட முடிவு, இந்த மாதிரி ஒரு தலைப்ப எடுத்து இருபது முப்பது பேர ஒரே ரூம்ல உக்கார வெச்சா பத்தே நிமிஷத்துல ரெண்டு குரல் கேக்கும். ஒண்ணு "எனக்கு பேச்சுரிமை இருக்கு, என்ன வேணா பேசுவேன்". இன்னொண்ணு "இதெல்லாம் பேசவே விடக்கூடாது, இவர வெளிய அனுப்புங்க". நான் பல வருஷமா இந்த மாதிரி விவாதக் கூட்டம் நடத்திட்டு வரேன், ரெண்டு குரல்லயும் ஒரு நியாயம் இருக்கு, ஆனா ரெண்டுல எத புடிச்சுக்கிட்டும் ஒரு கூட்டத்த உருப்படியா நடத்த முடியாது. கூட்டம் நடத்தப் போறவங்களுக்கும் அதுல உக்காந்து பேசப் போறவங்களுக்கும் நான் கத்துக்கிட்டத எழுதுறேன்.

முதல்ல மூணு கேள்விய பிரிச்சு வெச்சுக்கோங்க, முக்கால்வாசி சண்டை இத ஒண்ணா போட்டு குழப்புறதுலதான் வருது. இந்தப் பேச்ச சட்டம் தடுக்கணுமா? இந்த மேடையில இதுக்கு இடம் உண்டா? இதுக்கு நான் பதில் சொல்லணுமா? மூணும் வேற வேற. ஒருத்தர்கிட்ட இருந்து மைக்க வாங்கி அடுத்தவர்கிட்ட குடுத்தா அவரோட உரிமைய பறிச்சதா ஆகாது, நாளைக்கே அவர் தனியா ஒரு கூட்டம் போட்டு அதையே பேசலாம், யாரும் கைது பண்ணப் போறதில்ல. அதே மாதிரி "சட்டப்படி தப்பில்லையே"ன்னு ஒருத்தர் கேட்டா, ஆமா தப்பில்ல, அதுக்காக எல்லா மேடையும் இடம் குடுத்தே ஆகணும்னு இல்ல. அரசாங்கம் தடுக்கிறதுதான் ரொம்ப பெரிய விஷயம். அதுகிட்ட போலீஸ் இருக்கு, ஜெயில் இருக்கு. அதனால அரசாங்கம் எப்ப தலையிடலாம்ங்கற கோடு, நம்ம கூட்டத்துல போடுற கோட்ட விட ரொம்ப தள்ளி இருக்கணும்னுதான் நான் நினைக்கிறேன்.

அந்தக் கோடு எங்க இருக்குன்னு உலகம் பேசி வெச்சிருக்கு, அது தெரிஞ்சிருந்தா பாதி வாக்குவாதம் குறையும். 1948ல ஐநா சபை ஏத்துக்கிட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தோட 19வது பிரிவு, கருத்து வெச்சுக்கவும் அத வெளிய சொல்லவும் எல்லாருக்கும் உரிமை உண்டுன்னு சொல்லுது. 1966ல வந்த குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் ஒப்பந்தத்துலயும் 19வது பிரிவுதான், அங்க எல்லையும் சேத்து சொல்றாங்க. தடை போடணும்னா அது சட்டத்துல எழுதி இருக்கணும், உண்மையிலேயே அவசியமா இருக்கணும், காரணமும் மத்தவங்க உரிமை, நற்பெயர், நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொது சுகாதாரம், பொது ஒழுக்கம்னு இதுக்குள்ளதான் வரணும். அடுத்த 20வது பிரிவு இன்னும் கறாரா, இனம், மதம், நாடு பேர சொல்லி வெறுப்ப வளத்து பாகுபாட்டுக்கோ பகைக்கோ வன்முறைக்கோ தூண்டிவிட்டா சட்டம் அத தடுத்தே ஆகணும்னு சொல்லுது. கவனிச்சுப் பாருங்க, "எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு"ங்கறது அந்த லிஸ்ட்ல தனி காரணமா இல்ல. 1976ல ஹேண்டிசைடுங்கறவர் வெளியிட்ட ஒரு புத்தகத்தப் பத்தின வழக்குல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதத்தான் சொல்லுச்சு, இந்த உரிமை எல்லாருக்கும் புடிச்ச கருத்துக்கு மட்டும் இல்ல, புண்படுத்துற, அதிர வைக்கிற, கலங்கடிக்கிற கருத்துக்கும் சேத்துதான்னு. (அந்த வழக்குல கடைசியில புத்தகத்துக்கு எதிரா எடுத்த நடவடிக்கை சரின்னுதான் தீர்ப்பு வந்துச்சு, ஆனா அந்த ஒரு வரிதான் இன்னிக்கு வரைக்கும் எடுத்துக் காட்டப்படுது.)

சரி, ஒரு பேச்சு எப்ப கோட்ட தாண்டுது? எனக்கு இத புரிய வெச்சது ஜான் ஸ்டூவர்ட் மில்ங்கற ஆங்கிலேய தத்துவவாதி 1859ல சொன்ன ஒரு உதாரணம். தானிய வியாபாரிங்க ஏழைங்கள பட்டினி போடுறாங்கன்னு பத்திரிகையில எழுதினா அத யாரும் தடுக்கக் கூடாது. அதே வார்த்தைய, கொதிச்சுப் போன ஒரு கூட்டம் வியாபாரி வீட்டு வாசல்ல நிக்கிறப்ப சொன்னா தண்டிக்கலாம். வார்த்தை ஒண்ணுதான், சொன்ன இடமும் கேட்ட ஆளுங்களும் வேற. 1989ல இந்திய உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்குல கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாங்க, வெடிமருந்து பீப்பாயில விழுற தீப்பொறி மாதிரி பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடியான நெருக்கம் இருக்கணும், எங்கயோ எப்பவோ ஏதாவது ஆகலாம்ங்கற ஊகம் பத்தாதுன்னு. 2015ல ஷ்ரேயா சிங்கால் வழக்குல இன்னும் எளிசா மூணா பிரிச்சாங்க: ஒரு விஷயத்த பேசி அலசுறது, அதுக்கு ஆதரவா வாதாடுறது, தூண்டிவிடுறது. முதல் ரெண்டும் எவ்வளவு கசப்பா இருந்தாலும் உரிமைக்குள்ள வரும், மூணாவதுலதான் தடை போடுற பேச்சே வரும்.

நான் இத வெச்சுதான் கூட்டத்த நடத்துறேன். ஒரு நாள் நடந்தத சொல்றேன். தலைப்பு அகதிகள். நடுவயசுக்காரர் ஒருத்தர் எந்திரிச்சு "இவங்க வந்ததுல இருந்து எனக்கு கூலி குறைஞ்சிடுச்சு, திருப்பி அனுப்புறதுதான் நியாயம்"னார். அதே வரிசையில அகதிக் குடும்பத்துல பொறந்த ஒரு பொண்ணு உக்காந்திருந்தா, முகம் இறுகிப் போச்சு, ரெண்டு பேர் "நிறுத்துங்க"ன்னு கத்தினாங்க. நான் நிறுத்தல. வலிக்கிற பேச்சுதான், ஆனா அது ஒரு கொள்கை, அதுக்கு பதில் இருக்கு, அந்தப் பதில் வரணும்னா கேள்வி வெளிய வந்தாகணும். அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே ஆள் "எல்லாம் பூச்சிங்க மாதிரி"ன்னார். அங்க நிறுத்தி, மனுஷங்கள மனுஷங்களா குறிப்பிட்டு அதே கருத்த திரும்ப சொல்லுங்கன்னேன், முறைச்சார், சொன்னார். அப்புறம் பின்னாடி இருந்து வேற ஒருத்தர் "எந்தெந்த வீட்ல இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், ராத்திரி நாலு பேர் போனா"ன்னு ஆரம்பிச்சார். அந்த வாக்கியத்த நான் முடிக்க விடல. மைக் ஆஃப், அன்னிக்கு அவருக்கு பேச்சு அவ்வளவுதான்.

பூச்சிங்கற சொல்லுக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் குறுக்க வந்தேன்னு அப்புறம் ஒருத்தர் கேட்டார். 1994ல ஆப்பிரிக்காவுல இருக்குற ருவாண்டாவுல ஆர்டிஎல்எம்னு ஒரு ரேடியோ டூட்ஸிங்கற இன மக்கள கரப்பான் பூச்சின்னு திரும்பத் திரும்ப சொல்லுச்சு, அப்புறம் ஆளுங்க பேரையும் இருக்குற இடத்தையும் சொல்லுச்சு, சுமார் 100 நாள்ல லட்சக்கணக்கான பேர கொன்னுட்டாங்க. அந்த ரேடியோவ நடத்தினவங்களுக்கு 2003ல சர்வதேச தீர்ப்பாயம் தண்டனை குடுத்துச்சு. ஒரு சொல்லால எல்லா எடத்துலயும் கொலை விழாது, அது எனக்குத் தெரியும், ஆனா ஆள மனுஷ கணக்குல இருந்து எடுக்கறதும் அட்ரஸ் சொல்றதும் ஒரே பாதையில அடுத்தடுத்த படி.

சந்தேகம் வந்தா கேட்டுக்க ஆறு கேள்வி இருக்கு, 2012ல ஐநா முயற்சியில உருவான ரபாத் செயல்திட்டத்துல இருக்குறது. சூழ்நிலை எப்படி இருக்கு, பேசுறவருக்கு எவ்வளவு செல்வாக்கு, அவர் நோக்கம் என்ன, என்ன சொன்னார் எப்படி சொன்னார், எத்தன பேர போய் சேருது, தீங்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு சீக்கிரம். இது கிரிமினல் கேஸ் அளவுக்கு போற பேச்ச எடை போட உண்டாக்கினது, ஆனா ஒரு சின்ன கூட்டத்துலயும் உதவும். என் அனுபவத்துல ரெண்டாவது கேள்வியத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. ஒரு மந்திரி சொல்றதும், ஓட்டுரிமை கூட இல்லாத ஒரு பையன் கோவத்துல சொல்றதும் ஒரே எடை கிடையாது.

"தியேட்டர்ல தீ தீன்னு கத்த உரிமை இருக்கா?"ன்னு யாராவது கண்டிப்பா கேப்பாங்க, அதுக்கு தயாரா இருங்க. அது 1919ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல நீதிபதி ஹோம்ஸ் எழுதினது, பொய்யா கத்தி பீதிய கிளப்புறதுன்னுதான் எழுதினார், அந்த "பொய்யா"வ ஜனங்க விட்டுடுறாங்க. அத விட முக்கியம், அது என்ன வழக்குன்னு கேளுங்க. கட்டாய ராணுவ சேவைக்கு எதிரா நோட்டீஸ் குடுத்தவங்கள ஜெயிலுக்கு அனுப்பின வழக்கு. அதாவது அன்னிக்கு தீயின்னு சொல்லி அணைச்சது போர் எதிர்ப்ப. அந்த வழக்குல வெச்ச அளவுகோல அதே கோர்ட் 1969ல பிராண்டன்பர்க் வழக்குல மாத்திடுச்சு, உடனடியா சட்டத்த மீறச் சொல்லித் தூண்டுற நோக்கமும் வேணும், அது நடக்கிற வாய்ப்பும் வேணும்னு. எல்லா நாடும் இப்படி இல்ல, ஜெர்மனியில யூத இன அழிப்பு நடக்கவே இல்லன்னு சொல்றது குற்றம், அவங்க பட்டதுல இருந்து வந்த சட்டம் அது, அதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது. எந்தக் கோடு போட்டாலும் ஆள மாத்திப் போட்டுப் பாருங்க. இதே வார்த்தைய, இதே குரல்ல, உங்க கட்சிக்காரர் எதிராளிய பாத்து சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா? இல்லன்னா இப்பவும் நிறுத்தாதீங்க. 1918ல யூஜின் டெப்ஸ்னு ஒரு அமெரிக்க சோசலிஸ்ட் தலைவர் ஓஹியோ மாநிலத்துல போருக்கு எதிரா ஒரு பேச்சு பேசினதுக்கு 10 வருஷம் தண்டனை வாங்கினார், 1920ல ஜெயில்ல இருந்தே ஜனாதிபதி தேர்தல்ல நின்னு 9 லட்சத்துக்கு மேல ஓட்டு வாங்கினார். எதிராளிக்குன்னு செஞ்ச விலங்கு யார் கையில மாட்டும்ங்கறது அடுத்து ஆட்சிக்கு யார் வர்றாங்கங்கறத பொறுத்தது. 1977ல அமெரிக்காவுல ஸ்கோக்கிங்கற ஊர்ல, நாஜி முகாம்ல இருந்து தப்பி வந்தவங்க நிறைய பேர் வாழ்ந்த ஊர்ல, நாஜி கும்பல் ஊர்வலம் போக அனுமதி கேட்டப்ப ஏசிஎல்யூங்கற உரிமை அமைப்பு அவங்களுக்காக கோர்ட்ல வாதாடுச்சு, வழக்க நடத்தின வக்கீலே ஒரு யூதர், அதனால ஆயிரக்கணக்கான பேர் அந்த அமைப்ப விட்டு போயிட்டாங்க. அவங்க செஞ்சது சரியான்னு நான் இன்னும் யோசிச்சிட்டுதான் இருக்கேன். ஆனா அளவுகோல ஆளுக்கு ஆள் மாத்தாம இருக்குறதுக்கு என்ன விலைன்னு அதுல தெரியும்.

கூட்டத்த நடத்துற வேலைக்கு வரேன். விதிய ஆரம்பத்துலயே, யாரும் கோவப்படுறதுக்கு முன்னாடியே படிச்சுடுங்க, நடுவுல சொன்னா அது ஒரு ஆளுக்காக போட்ட விதியாத்தான் தெரியும். பதில் சொல்றவர் முதல்ல எதிராளி சொன்னத தன் வார்த்தையில சொல்லணும், எதிராளி "ஆமா அதத்தான் சொன்னேன்"னு ஒத்துக்கணும், அப்புறம்தான் மறுப்பு. இது ஒண்ணு போதும், பாதி சூடு தணிஞ்சிடும். "உங்க ஆளுங்க"ங்கற சொல்ல அனுமதிக்காதீங்க, யார் எப்ப என்ன செஞ்சாங்கன்னு சொல்லச் சொல்லுங்க. நம்பர் எதாவது சொன்னா எங்க இருந்து வந்ததுன்னு கேளுங்க, தெரியலன்னா போர்டுல எழுதி பக்கத்துல கேள்விக்குறி போட்டுட்டு மேல போங்க, பொய்யின்னு கத்த வேணாம்.

கத்துறவங்களுக்கு பரிசு குடுக்காதீங்க. ஒரு தடவ நான் இந்தத் தப்ப பண்ணேன், மரண தண்டனை கூடாதுன்னு பேசின ஒரு அம்மாவ பேச விடாம பத்து பேர் மேசைய தட்டினாங்க, கலாட்டா ஆயிடும்னு பயந்து நான் அந்த அம்மாவத்தான் உக்காரச் சொன்னேன். தட்டினவங்க ஜெயிச்சாங்க, அந்த அம்மா அதுக்கப்புறம் வரவே இல்ல. அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. அமைதிய கெடுக்குறது யாரோ அவங்களத்தான் அடக்கணும், பேசுறவங்கள இல்ல. அதே போல பேசாம உக்காந்திருக்கவங்களையும் பாருங்க, முதல் அரை மணி நேரம் சத்தமா பேசுற நாலு பேர்கிட்டயே மைக் சுத்துச்சுன்னா அங்க சுதந்திரம் நாலு பேருக்குத்தான் இருக்கு. ஆளுக்கு மூணு நிமிஷம், ஒரு தடவ பேசினவர் எல்லாரும் பேசின பிறகு ரெண்டாவது தடவ, இப்படி வெச்சா போதும்.

ஒருத்தர நிறுத்துறதா இருந்தா காரணத்த ஒரே வாக்கியத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, "வீட்டுக்கு போறத பத்தி பேசினீங்க, அதனால நிறுத்துறேன்"னு. தலைப்ப மூடாதீங்க, அந்த வாக்கியத்த மட்டும் மூடுங்க. எப்ப திரும்ப பேசலாம்னும் சொல்லுங்க. முடிஞ்சதும் தனியா போய் ரெண்டு வார்த்தை பேசுங்க, அவமானப்பட்டு போற ஆள் அதே கருத்த இன்னும் இருட்டான எடத்துல பேசுவார், அங்க பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க.

அன்னிக்கு அந்த அகதிகள் கூட்டத்துல, கூலி குறைஞ்சதுன்னு சொன்னவர் சொன்னத அந்தப் பொண்ணு தன் வார்த்தையில திரும்ப சொன்னா, "முன்ன கிடைச்ச கூலி இப்ப கிடைக்கல, அதுக்கு காரணம் நாங்கன்னு நினைக்கிறீங்க". அவர் தலையாட்டினார். "எங்கப்பாவுக்கு உங்கள விட பாதி கூலிதான் குடுக்குறாங்க, அவர் யார்கிட்ட போய் கேக்கறது?"ன்னா. அவர்கிட்ட பதில் இல்ல, ரொம்ப நேரம் நின்னுட்டே இருந்தார், அப்புறம் "பாதியா?"ன்னு கேட்டார். அன்னிக்கு போர்டுல கடைசியா எழுதினது அந்தப் பாதி கூலிதான், பக்கத்துல கேள்விக்குறி போட்டு, அடுத்த கூட்டத்துக்கு கணக்கோட வர்றதா ரெண்டு பேருமே பேர் குடுத்துட்டு போனாங்க.