வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வீட்டுப் பாடத்திட்டம்: காசு கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

என் மகளுக்கு நாலரை வயதானபோது 480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். வெளிநாட்டுப் பாடத்திட்டம். வண்ண அட்டைகள், கதைப் புத்தகங்கள், ஆசிரியர் கையேடு எல்லாம் உள்ளே. இரண்டே மாதத்தில் பிள்ளை கதையைக் கடகடவென்று வாசித்தாள். ஆயர் ஈத்தாமிலிருந்து பட்டர்வொர்த் வரை இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வீடியோ அனுப்பினேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார், விளையாட்டாகப் படத்தைக் கையால் மறைத்தார். பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். "பாட்டி, கைய எடுங்க. படம் தெரிஞ்சாதானே படிக்க முடியும்?"

அவள் வாசிக்கவே இல்லை. படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையேட்டைத் திரும்பப் புரட்டினால், "சொல் தெரியாவிட்டால் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது நான் போன வழியை இங்கே எழுதுகிறேன்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

இதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தத்தால், 2003 முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். ஆரம்பப் பள்ளி வயது வந்த பிறகும் வீட்டிலேயே படிக்க வைக்க நினைத்தால், கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். பாலர் பள்ளி, முதலாம் ஆண்டு வயது விதிகள் அண்மைக் காலமாக மாறி வருகின்றன. அதனால் வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல் உங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

2. முதலில் எந்த மொழி?

நம் வீடுகளில் பெரிய குழப்பம் இதுதான். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கிவிடுகிறோம். பேசுவதற்கு அது பிரச்சினையே இல்லை, பிள்ளைகள் மூன்றையும் உறிஞ்சிக்கொள்வார்கள். எழுத்து என்று வரும்போதுதான் சிக்கல். மலாயும் ஆங்கிலமும் ஒரே எழுத்துகளைப் பயன்படுத்தினாலும் ஒலி வேறு. மலாயில் "சாவான்" என்ற சொல்லைத் தொடங்கும், ஏ, பி, சி வரிசையின் "சி" எழுத்துக்கு எப்போதும் "பச்சை"யில் வரும் ச ஒலி. ஆங்கிலத்தில் "கேட்" என்ற பூனையையும் அதே எழுத்துதான் தொடங்குகிறது, ஆனால் அங்கே க ஒலி. இரண்டையும் ஒன்றாகக் கற்கும் பிள்ளை திகைத்துப் போவதில் வியப்பில்லை.

பிள்ளை எந்த மொழியில் அதிகம் பேசுகிறதோ அதில் முதலில் வாசிக்கட்டும் என்பது என் கருத்து. காரணம் இருக்கிறது. "பகல்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ப, க, ல் என்று கூட்டும்போது "க", "கல்"லில் வருவது போல வல்லொலியாகத்தான் வரும். அந்தச் சொல்லை ஏற்கெனவே கேட்டுப் பழகிய பிள்ளை, "ஓ, பகலா!" என்று தானே திருத்திக்கொள்ளும். கேட்டே இராத பிள்ளைக்கு அது வெறும் சத்தம். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் என்றால், வெட்கப்படாமல் ஆங்கிலத்தில் தொடங்குங்கள். தமிழில் கதை சொல்வதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

முதல் மொழியில் எளிய வரிகளை வாசிக்கத் தொடங்கிய பிறகு, நான்கைந்து மாதம் கழித்து அடுத்ததைச் சேர்த்தேன். மலாய் எளிதாகவே வந்தது. மா-தா, கா-கி, பா-ஜு என்று அசை அசையாகப் போகும் மொழி அது. ஆங்கிலத்தில் "ஈ" என்று சொல்லும் எழுத்துக்கு மட்டும் இரண்டு ஒலி உண்டு. "மேஜா"வில் ஒன்று, ஆறு என்ற எண்ணைக் குறிக்கும் "எனாம்" சொல்லில் இன்னொன்று.

3. காது தயாரா?

புத்தகம் வாங்கும் முன் ஒரு சின்ன விளையாட்டு. நாங்கள் பினாங்குப் பாலத்து நெரிசலில் காருக்குள் விளையாடுவோம். "ம்...ஆ...ம்...ஆ, என்ன சொல்?" என்று கேளுங்கள். "பழம்" எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது என்று கேளுங்கள். ஒலிகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் வராத பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டமும் கொஞ்சம் சீக்கிரம்தான். சில வாரம் விளையாடிவிட்டு வாருங்கள்.

4. எழுத்து வரிசையைப் பாருங்கள்

இங்கே நிதானமாக நேரம் செலவழியுங்கள். புத்தகத்தின் முதல் இருபது பக்கங்களைப் புரட்டி, எந்த எழுத்துக்குப் பின் எது வருகிறது, எத்தனை எழுத்து முடிந்ததும் முதல் சொல் வருகிறது என்று பாருங்கள்.

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247. இந்த அட்டவணையை முழுதாக ஒப்பித்த பிறகுதான் சொல்லுக்குப் போக வேண்டும் என்ற புத்தகத்தை நான் தள்ளி வைத்துவிடுவேன். பிள்ளை களைத்துவிடும். எழுத எளிதான ட, ப, ம மூன்றில் தொடங்கி, கூடவே புள்ளியைச் சொல்லிக்கொடுத்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் முதல் வாரத்திலேயே வாசிக்கலாம். துணைக்கால் சேர்ந்ததும் மாமா, பாப்பா, பாடம். அ, ஆ வந்தால் அப்பா, அம்மா, ஆட்டம். "மாமா" என்று தானே கூட்டி வாசித்த அன்று, என் மகள் ஈப்போவில் இருக்கும் தன் மாமாவுக்குப் போன் போடச் சொன்னாள்.

அப்புறம், "ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா" என்ற பாட்டு. எனக்கும் பிடிக்கும், பாட்டி பாடட்டும். ஆனால் அவை எழுத்தின் பெயர்கள். பெயர்களைக் கூட்டினால் "அம்மா" வராது. புத்தகம் ஒலியைச் சொல்லித் தருகிறதா, பெயரை மட்டுமா என்று பாருங்கள்.

கொம்பு எழுத்துகள் எப்போது வருகின்றன என்பதும் முக்கியம். "மெ" எழுதும்போது கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ம். "மொ"வில் இரண்டு பக்கமும் குறி நிற்கிறது. இதை முதல் மாதத்திலேயே வைக்கும் புத்தகம் பிள்ளையைக் குழப்பும். ந, ண, ன மூன்றையும் ஒரே பக்கத்தில் வைப்பதும் அப்படித்தான்.

ஆங்கிலத்துக்கும் இதே அளவுகோல்தான். 26 எழுத்துகளையும் ஏ, பி, சி வரிசையில் முடிக்காமல், எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறின் ஒலிகளில் தொடங்கும் முறை பரவலாக இருக்கிறது. அந்த ஆறிலேயே "பின்", "சிட்" போன்ற பல சொற்கள் கிடைத்துவிடும்.

5. கையை வைத்து மறையுங்கள்

மாமியாரின் சோதனை. மாதிரிக் கதையில் ஒரு பக்கத்தை எடுத்துப் படத்தை மறையுங்கள். அதுவரை கற்ற எழுத்துகளை வைத்தே பிள்ளை அந்த வரியை வாசிக்க முடியுமா? முடியாதென்றால் அந்தக் கதைப் புத்தகம் வாசிக்கப் பழக உதவாது. நீங்கள் வாசித்துக் காட்ட வைத்துக்கொள்ளலாம்.

பொருளே இல்லாத சொல்லையும் எழுதிக் கொடுங்கள். "பமட்டம்", "டமப்பா" போல. ஊகித்துச் சொல்ல வழியே இல்லை. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சோதனை வைக்கிறார்கள். 40 சொற்களில் பாதி இட்டுக்கட்டிய சொற்கள். வீட்டில் ஐந்து போதும். என் மகள் "டமப்பா" என்று பூனைக்குப் பெயரே வைத்துவிட்டாள்.

6. இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

முழுத் தொகுப்பை வாங்காதீர்கள். மாதிரிப் பாடங்களை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பலர் தருவார்கள். ஒரு நாளுக்குப் பத்து நிமிடம், காலையில் பசியாறிய பிறகு. பத்து நிமிடம் முடிந்ததும், பிள்ளை இன்னும் கேட்டாலும் நிறுத்துங்கள். உங்களையும் கவனியுங்கள்: தினமும் அரை மணி நேரம் தாள் வெட்டி ஒட்டித்தான் பாடம் நடத்த முடியும் என்றால், வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு அது மூன்றாவது வாரம் தாங்காது.

செலவைப் பற்றி ஒன்று. பாலர் பள்ளிக்கும் ஆரம்பப் பள்ளிக்குமான கலைத்திட்ட ஆவணங்களைக் கல்வி அமைச்சு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பிள்ளை பின்னால் தமிழ்ப்பள்ளிக்குப் போனால் முதலாம் ஆண்டில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பது அதில் தெரியும். தாத்தா வீட்டுப் பழைய புத்தகங்களை மட்டும் இப்போதைக்குப் பரணிலேயே விட்டுவையுங்கள். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருக்கும்.

இரண்டு வாரத்தில் பிள்ளை புதிய சொல் ஒன்றையாவது தானே கூட்டி வாசித்தால் தொடருங்கள். எழுத்து தெரிந்தும் கூட்ட வரவில்லை என்றால், புத்தகத்தை மூடிவிட்டு மூன்றாவது படியின் விளையாட்டுக்குத் திரும்புங்கள். ஒரு மாதம் கழித்து அதே பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். எங்கள் 480 வெள்ளிப் பெட்டியிலிருந்த அட்டைகளுக்குப் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ப, ட, ம எழுதியது அதில்தான்.