பைப் கால் மேசை ஆடாமல் நிற்க

முக்கால் இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் கால், மேலே ஒன்றரை இன்ச் கனத்தில் மரப்பலகை. இதுதான் நான் செய்த மேசை. முதல் தடவை மூலைக்கொரு பிளேஞ்ச் (பலகையில் ஸ்க்ரூ போட்டு, நடுவில் பைப்பைத் திருகும் வட்டத் தட்டு), பிளேஞ்சுக்கொரு பைப் என்று நான்கு கால் மட்டும் நட்டேன். டைப் அடிக்க உட்கார்ந்தால் மேசையும் கூடவே தலையாட்டியது. உள்ளங்கை அகலப் பிளேஞ்ச் இரண்டேகால் அடிக் காலை எவ்வளவுதான் இழுத்துப் பிடிக்கும்?

கால்களை ஒன்றோடொன்று கட்டத்தான் வேண்டும். முன்காலிலும் பின்காலிலும் டீ (மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பு) போட்டு, இடையே குறுக்குப் பைப் கொடுங்கள். இப்படி இடப்பக்கம் ஒரு சட்டம், வலப்பக்கம் ஒரு சட்டம். பிறகு இரண்டு குறுக்குப் பைப்பிலும் ஆளுக்கொரு டீ சேர்த்து, நீளப் பைப் ஒன்றால் இணைத்துவிடுங்கள். அந்த டீ நட்டநடுவில் வேண்டாம், பின்பக்கம் தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் தினமும் முழங்காலில் இடி வாங்குவீர்கள்.

இரண்டாம் தடவை பேராசைப்பட்டு, நான்கு காலையும் சுற்றிப் பெட்டி மாதிரிக் கட்டப் பார்த்தேன். கடைசிப் பைப் ஏறவேயில்லை. இரண்டு முனையிலும் வலமரைதான் (வலப்பக்கம் திருப்பினால் இறுகும் திருகு வரி) என்பதால் ஒரு பக்கம் முறுக்கினால் மறுபக்கம் கழன்றுகொண்டே வரும். சுற்று மூடுகிற இடத்தில் யூனியன் (பைப்பைச் சுழற்றாமலே நட்டால் இறுக்கும் இணைப்பு) போட்டால்தான் அது நடக்கும். மேலே சொன்ன அமைப்பில் சுற்றே இல்லை, யூனியனும் தேவையில்லை. வெல்டு வைத்துவிடலாமே என்று தோன்றும். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு சூட்டில் நச்சுப் புகையாகும், வீட்டில் வேண்டாம்.

மேசை உயரம் 29 இன்ச் என்றால் பலகை போகக் காலுக்கு 27.5 இன்ச். ஒவ்வொரு முனையும் ஏறக்குறைய அரை இன்ச் மரைக்குள் போய்விடும். அதனால் வெறும் கூட்டல் கணக்கை நம்பாமல் ஒருமுறை பூட்டிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். மரை வெட்டும்போது பைப்பில் பட்ட எண்ணெயைத் தின்னரால் துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டுப் பட்டாலும் இழைத்த மரத்தில் கறை நிற்கும்.

பலகையைக் கவிழ்த்துப் போட்டு, ஓரத்திலிருந்து 4 இன்ச் உள்ளே தள்ளி பிளேஞ்சுகளைக் குறியுங்கள். ஈரப்பதம் கூடினால் மரம் ரேகைக்குக் குறுக்கே, அதாவது அகலத்தில், உப்பும்; குறைந்தால் சுருங்கும். பைப் அசையாது. இடம் கொடுக்காவிட்டால் பலகை வெடிக்கும். ஆகவே பிளேஞ்ச் துளையை ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிதாக்கி, வாஷர் வைத்து இறுக்குங்கள். பிளைவுட் என்றால் இந்தக் கவலை இல்லை. ஒன்றேகால் இன்ச் ஸ்க்ரூ போதும். டிரில் பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக டேப் ஒட்டிக்கொண்டு முதலில் துளை போடுங்கள். நான் டேப் ஒட்டாமல் போட்ட துளை ஒன்று மேல்பக்கம் எட்டிப் பார்த்தது. இப்போது அதன்மேல் பேனாக் குவளை இருக்கிறது.

நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். தரை சமமில்லாமல் ஒரு கால் தூக்கி நின்றால் அட்டை மடித்து வைக்காதீர்கள். காலின் அடியில் திருகிய கேப்பை (மூடியை) ஒரு சுற்றுக் கழற்றினால் அந்தக் கால் 1.8 மில்லிமீட்டர் உயரும்.