மேசை விளக்குக்கு எத்தனை வாட் பல்பு?

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹோல்டரைப் பாருங்கள். ‘அதிகபட்சம் 40 வாட்’ என்று இருந்தால் குண்டு பல்பு அதைத் தாண்டக் கூடாது. மீறினால் பிளாஸ்டிக் ஹோல்டர் பழுப்பேறி நொறுங்கும், ஒயரின் உறை விரிசல் விடும்.

எல்இடியில் வாட்டைவிட லூமென்தான், அதாவது வெளிச்சத்தின் அளவுதான் கணக்கு. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 700–800 லூமென். 8 அல்லது 9 வாட் எல்இடியே அதைக் கொடுத்துவிடும். படிக்க அது சரி. படுக்கையோரத்துக்கு 3–5 வாட், 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் ஒளி போதும்.

மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் 12 வாட் எல்இடி வேண்டாம். சூடு வெளியேறாமல் உள்ளிருக்கும் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று) சீக்கிரம் போய்விடும். பல்பு மினுக்க ஆரம்பித்தால் அநேகமாக டிரைவர் பழுதுதான்.

கடைக்குப் பழைய பல்பையே எடுத்துப் போங்கள். அடிப்பகுதியின் பக்கவாட்டில் இரண்டு பின் இருந்தால் அது பி22 வகை, திருகு மரை என்றால் பெரும்பாலும் ஈ27, ஒல்லியான மரை ஈ14.