வாளேந்திய நாயகியை வைத்து இடைக்காலக் காதல் நாவல் எழுதுவது எப்படி? (நான் விழுந்த பள்ளங்களோடு)

மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் பாதியில் விட்டேன். நான்காவது முறைதான் என் தொடர்கதை முடிந்தது. முதல் மூன்றும் ஒரே இடத்தில்தான் நின்றன. நாயகன் உள்ளே வந்ததும் நாயகியின் வாள் காணாமல் போய்விடும். எட்டு அத்தியாயம் ஆட்களை வெட்டிச் சாய்த்தவள், அவனைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கிச் சாய்வதற்குத் தோள் தேடுவாள். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கும்.

நான்காவது முறை என்ன மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு. அத்தியாயம் பிரிப்பது, வர்ணனை எழுதுவது பற்றியெல்லாம் இதில் கிடையாது. அது உங்களுக்கே வரும்.

படி 1: 'இடைக்காலம்' போதாது, ஓர் ஆண்டு வேண்டும்

ஐரோப்பிய இடைக்காலம் என்பது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. 1066இல் இருந்த கவசம் வேறு, 1415இல் இருந்தது வேறு. கவசம் மாறினால் சண்டை மாறும், சண்டை மாறினால் நாயகி மாறுவாள். அதனால் ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள்.

நான் எடுத்தது 1217, இங்கிலாந்து. முந்தைய அக்டோபரில் ஜான் மன்னர் இறந்துவிட்டார். மகன் ஹென்றிக்கு ஒன்பது வயது. பிரபுக்களில் பெரும் பகுதியினர் பிரெஞ்சு இளவரசர் லூயியின் பக்கம். சிறுவனின் சார்பில் நாட்டைத் தாங்குகிறவர் எழுபது வயது வில்லியம் மார்ஷல். லிங்கன் நகரம் எதிரிகள் கையில் இருக்க, கோட்டையை மட்டும் விடாமல் வைத்திருந்தவர் ஒரு பெண், நிக்கோலா டெ லா ஹே. வயது அறுபதுக்கு மேல். முதுமையைச் சொல்லி அவர் கோட்டைச் சாவியை ஜானிடம் நீட்டியதாகவும், அவர் 'நீயே வைத்துக்கொள்' என்று திருப்பிக் கொடுத்ததாகவும் பிற்கால விசாரணைப் பதிவு ஒன்று சொல்கிறது. மே 20ஆம் தேதி மார்ஷலின் படை வந்து முற்றுகையை உடைத்தது. சரியான ஆண்டைப் பிடித்தால் பாதிக் கதை அதிலேயே கிடக்கும்.

வேறு ஆண்டு வேண்டுமா? 1338இல் ஸ்காட்லாந்தின் டன்பார் கோட்டை. ஆக்னஸ் சீமாட்டி ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார். எதிரி எறிந்த கல் விழுந்த இடத்தைப் பணிப்பெண்களை விட்டுத் துணியால் துடைக்கச் சொன்னாராம், தூசி படிந்துவிட்டது என்று. 1342இல் இன்றைய பிரான்ஸின் பிரிட்டனி. ஜோனா டெ மோன்ஃபோர் என்ற சீமாட்டி கவசம் பூண்டு, என்போன் நகரிலிருந்து குதிரையில் பாய்ந்து போய் எதிரியின் கூடாரங்களைக் கொளுத்தினார். ஜோன் ஆஃப் ஆர்க்கை மட்டும் தொடாதீர்கள். 1431இல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், காதல் கதைக்கு அந்த நெருப்பு ஆகாது.

படி 2: அவள் கைக்கு வாள் எப்படி வந்தது?

'அப்பாவுக்கு மகன் இல்லை, அதனால் மகனாகவே வளர்த்தார்.' இதைத்தான் எல்லோரும் எழுதுகிறோம். நானும் எழுதினேன். இது எவ்வளவு பழைய உத்தி என்றால், 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதைக் காவியமான 'சிலான்ஸ்' நடப்பதே இதில்தான். ஆனால் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. பெண்களுக்குச் சொத்துரிமை கிடையாது என்று மன்னர் ஆணையிடுகிறார், அதனால் பெற்றோர் மகளை ஆணாக வளர்க்கிறார்கள். உங்கள் கதையிலும் காரணம் அந்த அளவு கெட்டியாக இருக்கட்டும். 'அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வாள் என்றால் ஆசை' என்பது காரணமே இல்லை.

இன்னொன்று. வாள் வீசுவது வேறு, படையை நடத்துவது வேறு. கணவர் போருக்குப் போனால் கோட்டையைக் காக்க வேண்டியவள் மனைவி. 1405இல் கிறிஸ்டீன் டெ பீசான் என்ற பெண் எழுத்தாளர் சீமாட்டிகளுக்கு எழுதிய அறிவுரையில், ஆயுதங்களைப் பற்றியும் போர் முறை பற்றியும் அவர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். ஆகவே நாயகிக்கு முதலில் ஆணையிடத் தெரியட்டும், வெட்டுவது அப்புறம். வாள் பயிற்சியும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஐரோப்பாவில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய வாள் பயிற்சிச் சுவடி 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்தது. கையடக்கக் கேடயமும் வாளுமாக ஒரு பாதிரியார் மாணவனுக்குக் கற்றுத்தருகிற படங்கள். கடைசிப் பக்கங்களில் அந்த மாணவன் இல்லை, வால்புர்கிஸ் என்ற பெண் நிற்கிறாள். இப்போது லீட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏன் அவள் அங்கே என்று விளக்கம் எதுவும் இல்லை. நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

படி 3: காதலையும் வாளையும் ஒரே முடிச்சாகப் போடுங்கள்

கதைச் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதில் 'வாள்' வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். காதல் கதை அப்படியே ஓடுகிறதா? அப்படியென்றால் நாயகி கையில் இருப்பது நகை, வாள் இல்லை. என் முதல் மூன்று கதைகளும் இதில் தோற்றன.

முடிச்சு எங்கே கிடைத்தது என்றால், சட்டத்தில். அன்றைய இங்கிலாந்தில் மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்ற பிரபு மகன் இல்லாமல் இறந்தால், வாரிசுப் பெண்ணின் கல்யாணம் மன்னர் கைக்குப் போகும். அந்த உரிமையை அவர் விற்பார். ஆமாம், காசுக்கு. 1215இல் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனம் விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. வாரிசுகளைத் தகுதிக்குக் குறைந்த இடத்தில் கட்டிக்கொடுக்காதே என்பதோடு நிறுத்திக்கொண்டது.

என் கதையில் அலீஸின் தந்தை இறந்து மூன்று வாரம். கோட்டை வாசலில் ஒரு குதிரைவீரன், அவளை மணக்க மன்னர் பெயரில் முத்திரையிட்ட ஓலையோடு நிற்கிறான். உள்ளே சாவி அவளிடம். ஓலை அவனிடம், கதவு அவளிடம். அவன் உள்ளே வந்தால் கல்யாணம், வராவிட்டால் முற்றுகை. வாளைக் கீழே வைத்தால் காதல் இருக்காது, கட்டாயம்தான் இருக்கும். இப்போது வாளை அடித்துப் பாருங்கள், கதையே இருக்காது.

(சின்ன விஷயம்: அவனை 'நைட்' என்று எழுதினால் ராத்திரி என்றுதான் படிக்கிறார்கள். எனக்குக் 'குதிரைவீரன்' போதும்.)

இதே இடத்தில் இன்னொரு புதையல். 12ஆம் நூற்றாண்டிலிருந்து திருச்சபைச் சட்டப்படி, இருவரும் மனமொத்து 'ஏற்கிறேன்' என்று நிகழ்கால வினையில் சொன்னாலே திருமணம் செல்லும். பாதிரியாரும் சாட்சியும் இல்லாவிட்டாலும் செல்லும். எதிர்கால வினையில் சொன்னால் வெறும் நிச்சயதார்த்தம். தமிழில் இதை எழுதிப் பாருங்கள்: 'உன்னை ஏற்கிறேன்', 'உன்னை ஏற்பேன்'. வித்தியாசம் இரண்டு எழுத்து. மதில் மேல் அம்பு பறக்கிற நேரத்தில் அவள் எதைச் சொன்னாள் என்று அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான்கு அத்தியாயத்தை இதை வைத்தே ஓட்டினேன்.

படி 4: இரும்பின் எடை

அந்தக் காலத்து ஒற்றைக்கை வாள் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோதான். 'அவளால் தூக்கவே முடியாத வாள்' என்று எழுதாதீர்கள். சங்கிலிக் கவச அங்கி வேறு கதை, பத்துக் கிலோவைத் தாண்டும், முழு எடையும் தோளில் தொங்கும். இடுப்பில் வாரைக் கட்டினால் கொஞ்சம் இறங்கும். நான் தோள்பையில் 12 கிலோ புத்தகத்தைப் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினேன். மூட்டும் மூச்சும் எழுதுவதற்குத் தேவையானதைச் சொல்லிக் கொடுத்தன. பயிற்சி வாள் வாங்க வேண்டாம், ஒன்றேகால் கிலோ எடையில் ஒரு கட்டை போதும். சண்டைக் காட்சிகளைப் படமாகப் பார்த்து எழுதுவது எனக்குப் பிடிக்காது. அது கண்ணுக்கு நன்றாக இருக்கும், மூச்சு வாங்காது.

கவசத்தைக் கழற்றுவது எப்படி? குனிந்து, தலைகீழாகத் தொங்கி, உடம்பைக் குலுக்கினால் அங்கி மொத்தமாகத் தலைவழியே சரிந்து விழும். பார்க்க அழகாக இருக்காது. முடி வளையங்களில் சிக்கும். அதற்குத்தான் உள்ளே பஞ்சு வைத்த குல்லாய். காற்றில் கூந்தல் பறக்கப் போரிடும் நாயகி வேண்டுமென்றால், பாதி முடி கவசத்தோடு போய்விடும் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்பு வடிவத்தில் அடித்த இரும்புக் கவசமும் வேண்டாம். வழுக்கிப் போக வேண்டிய முனையை அது நடுநெஞ்சுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

*பின்சேர்க்கை:* 'பெண் என்பதால் இலேசான ஆயுதமாக வில் கொடுக்கலாமே' என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நேர்மாறு. போர்வில்லை இழுக்கத்தான் அதிக பலம் வேண்டும், சிறு வயதிலிருந்தே பழகிய முதுகும் வேண்டும். மதில் மேல் நிற்கிறவளுக்குக் குறுக்குவில் கொடுங்கள். வில்லின் நுனி வளையத்தைக் காலால் மிதித்து, இடுப்புக் கொக்கியில் நாணை மாட்டி நிமிர்ந்தால் நாண் ஏறிவிடும். லிங்கனிலும் கோட்டை மேலிருந்து குறுக்குவில்லாளர்கள்தான் எதிரிகளின் குதிரைகளைச் சாய்த்தார்கள்.

படி 5: ஆண் வேடம் (இங்கேதான் நான் சறுக்கினேன்)

ஆறாம் அத்தியாயத்தில் அலீஸ் 'தாமஸ்' என்ற பணியாளாக வேடமிட்டு எதிரி முகாமுக்குள் போகிறாள். தமிழில் எழுதும்போது வினைமுற்று ஒவ்வொன்றும் குட்டை உடைக்கும். 'வந்தாள்' என்றால் வேடம் போச்சு. 'வந்தான்' என்றால் கதாசிரியரே பொய் சொல்கிறார்.

முதலில் 'வந்தாள்' என்றே எழுதினேன். பிறகு இந்தப் பகுதியை நாயகன் கண்ணில் சொல்லலாம் என்று மனசு மாறியது. ஐந்து அத்தியாயத்தையும் கையால் திருத்தச் சோம்பல். கணினியில் 'தேடி மாற்று' வசதியில் 'ாள்' வரும் இடத்தையெல்லாம் 'ான்' ஆக்கிவிட்டேன். வந்தாள், வந்தான் ஆனது. கேட்டாள், கேட்டான் ஆனது. கூடவே 'வாள்' எல்லாம் 'வான்' ஆனது. 'மறுநாள்' எல்லாம் 'மறுநான்'. 'உறையில் வான் இல்லை' என்ற வரியோடு ஓர் அத்தியாயம் வெளியானது, கவித்துவமாக இருக்கிறது என்று ஒருவர் பாராட்டியும் இருந்தார்.

இப்போது நான் வைத்திருக்கும் விதி: இந்தக் காட்சியை யார் கண்ணால் பார்க்கிறோம்? அலீஸின் கண் என்றால் சொல்பவர் 'வந்தாள்' என்பார், மற்றவர்கள் பேச்சில் மட்டும் 'வந்தான்'. நாயகனின் கண் என்றால், அவனுக்கு உண்மை தெரியும் வரை 'வந்தான்'. தெரிகிற கணத்தில் வினைமுற்று மாறட்டும். என் முதல் வடிவம் இது:

'தாமஸ் குனிந்து கவசத்தைக் குலுக்கித் தள்ளினான். வளையத்தில் சிக்கிய முடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தான். நிமிர்ந்தாள்.'

எனக்கு ஏகப் பெருமை. மூன்று வாசகர்கள் எழுத்துப்பிழை என்று சுட்டிக்காட்டினார்கள். 'வான்' கூத்துக்குப் பிறகு அவர்களைக் குறை சொல்ல முடியுமா? இப்போது நடுவில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'அறுத்தான். சரிந்த குல்லாயிலிருந்து பின்னல் ஒன்று இடுப்புவரை இறங்கியது. நிமிர்ந்தாள்.' அதற்கப்புறம் யாரும் பிழை என்று சொல்லவில்லை.

*பின்சேர்க்கை:* ''அவர் வந்தார்' என்று எழுதித் தப்பிக்கலாமே' என்ற யோசனை நல்லதுதான். முகம் மூடிய பெரிய வீரருக்கு அது பொருந்தும். குதிரைச் சாணம் அள்ளும் பொடியனுக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? அங்கே 'அவர்' போட்டால் முதல் வரியிலேயே வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார். வேண்டுமானால் அலீஸையே 'நான்' என்று பேச வையுங்கள். 'வந்தேன்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

படி 6: உச்சக்கட்டம்

நாயகன் வந்து காப்பாற்றக் கூடாது, அவ்வளவுதான். அவனுக்கு வேறு வேலை கொடுங்கள். என் கதையில் அவன் அந்த ஓலையைக் கிழிக்க வேண்டும், அதனால் அவனுக்கு நிலம் போகும். அவள் வாயிலைப் பிடிக்கிற நேரத்தில் அவன் தன் பிரபுவை எதிர்கொள்கிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகுதான். 'நீங்கள்' என்று பேசிவந்தவள் அங்கே முதல் முறையாக 'நீ' என்கிறாள். முத்தத்தைவிட அந்த ஒற்றைச் சொல்லுக்குத்தான் அதிகக் கடிதம் வந்தது.

படி 7: கல்யாணத்துக்குப் பிறகு வாள் எங்கே?

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. கடைசி அத்தியாயம் வந்த அன்றே வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். 'சிலான்ஸ்' காவியத்தில் நாயகிக்குப் பெண்ணுடை உடுத்தி மன்னர் மணந்துகொள்கிறார், கதை முடிந்தது. எனக்கு அந்த முடிவு ஒட்டவில்லை. நிக்கோலாவுக்குத்தான் திரும்பிப் போனேன். 1191இல் லிங்கன் கோட்டையை முதல் முறை அவர் காத்தபோது கணவர் உயிரோடுதான் இருந்தார், வேறோர் ஊரில் இளவரசர் ஜானோடு. அப்போது முற்றுகையிட்டவர்களும் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். 1217 வெற்றிக்குச் சில நாள்களிலேயே அவர் வகித்த ஷெரீஃப் பதவி (அந்த மாவட்டத்தில் மன்னரின் அதிகாரி) வேறொரு பிரபுவுக்குப் போனது. அவர் சும்மா இருக்கவில்லை, முறையிட்டுப் போராடினார்.

அதனால் பின்கதையாக ஓர் அத்தியாயம் சேர்த்தேன். ஏழு ஆண்டு கழித்து, கணவன் வெளியூரில், அலீஸின் இடுப்பில் சாவிக்கொத்து, கதவுக்கு வெளியே புதிதாக ஒருவன் ஓலையோடு. பழைய காவல்காரர் மதிலிலிருந்து 'அடேய் தாமஸ், ஆள் வந்திருக்கான்' என்று கத்துகிறார். அவருக்கு அந்தப் பழக்கம் போகவே இல்லை.

*பின்சேர்க்கை:* பதினோராம் அத்தியாயத்தில் இன்னும் ஒரு 'மறுநான்' இருக்கிறதாம். இன்று ராத்திரி திருத்திவிடுகிறேன்.